இரண்டு என்னும் கணக்கு: போத், ஐதர், நைதர் வந்த கதை



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. தேர்வில் அந்தக் குழந்தை, அண்ணன்மார் இருவரும் வரவில்லை என்பதை 'போத் ஆஃப் மை பிரதர்ஸ் டிட் நாட் கம்' என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையால் அடித்து, மேலே 'நைதர்' என்று எழுதி, மதிப்பெண்ணையும் குறைத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு "ரூல் அப்படி" என்று பதில் வந்ததாம். "அந்த ரூல் எங்கிருந்து சார் வந்துச்சு?" என்று என்னிடம் கேட்டாள்.

நல்ல கேள்வி. தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

வகுப்பில் உங்களுக்குச் சொன்னது நினைவிருக்கும். இரண்டும் என்றால் போத். இரண்டில் ஒன்று என்றால் ஐதர். இரண்டும் இல்லை என்றால் நைதர். மூன்றோ அதற்கு மேலோ வந்தால் இந்த மூன்றையும் தூக்கி வைத்துவிட்டு ஆல், எனி, நன் என்று போக வேண்டும். கரும்பலகையில் இரண்டு வரிசையாக எழுதிப் போட்டால் பாடம் முடிந்தது. ஆனால் ஒரு மொழி எதற்காக இரண்டுக்கு என்று தனியாக மூன்று சொல் வைத்திருக்கிறது? மூன்றுக்கு என்றோ நான்குக்கு என்றோ அப்படி எதுவும் இல்லையே. இதை வகுப்பில் கேட்க நேரம் இருந்ததில்லை. போர்ஷன் முடிக்க வேண்டுமே!

ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ஒருமை, பன்மை ஆகியவற்றோடு இருமையும் இருந்தது. முழுமையாக இல்லை, தன்மையிலும் முன்னிலையிலும் மட்டும். 'விட்' என்றால் நாம் இருவர். 'யிட்' என்றால் நீங்கள் இருவர். மூன்று பேர் ஆகிவிட்டால் வேறு சொல். கணவன் மனைவி பேசிக்கொள்ளும்போது ஒரு சொல், குடும்பத்தோடு சேர்த்துப் பேசும்போது இன்னொரு சொல். சமஸ்கிருதம் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. அங்கே பெயரிலும் வினையிலும் ஒருமை, இருமை, பன்மை என்று மூன்று வரிசை மனப்பாடம் செய்ய வேண்டும். தமிழில் ஒருமையும் பன்மையும்தான். ஒன்றைத் தாண்டினால் எல்லாம் பன்மை. நமக்கு இந்த இருமைத் தொல்லை கிடையாது.

ஆங்கிலத்தில் இருமைப் பெயர்கள் 13-ஆம் நூற்றாண்டோடு வழக்கொழிந்துவிட்டன. வீடு இடிந்தாலும் வாசல் தூண் நிற்பதுபோல, அந்தப் பழைய இரட்டைக் கணக்கு போத், ஐதர், நைதர் ஆகிய மூன்று சொற்களில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மூன்று பொருள்களுக்கு ஐதர் போடக் கூடாது என்று வாத்தியார் சொன்னால், அது இந்தத் தூணைத்தான் காட்டுகிறது.

முதலில் போத். இது ஆங்கிலேயரின் சொந்தச் சொல்லா என்று பார்த்தால், பாதிதான். பழைய ஆங்கிலத்தில் இருவரும் என்பதற்கு ஆண்பாலில் ஒரு வடிவம், பெண்பாலில் 'பா' என்று ஒரு வடிவம் இருந்தது. 865-இல் டேனியர்கள் பெரும்படையோடு இங்கிலாந்தில் வந்து இறங்கினார்கள். 878-இல் ஆல்ஃபிரட் அரசர் எடிங்டன் போரில் அவர்களைத் தடுத்து நிறுத்தியும், நாட்டின் வடக்கும் கிழக்கும் அவர்கள் கையில்தான் இருந்தன. கொள்ளையடிக்க வந்தவர்கள் நிலம் வாங்கி, பெண் கட்டி, அங்கேயே குடியேறிவிட்டார்கள். அவர்களுடைய நார்ஸ் மொழியில் இருவரும் என்பதற்கு 'பாதிர்' என்று பெயர். அது ஆங்கிலேயர் வாயில் பழைய 'பா'வோடு கலந்து போத் ஆயிற்று. தே, தெம், தெயர் என்று இன்று சொல்கிறோமே, அவையும் அதே டேனியர் வழியாக வந்தவைதான். ஒரு மொழி அடுத்த வீட்டிலிருந்து பண்டம் பாத்திரத்தின் பெயரை வாங்குவது சகஜம். 'அவர்கள்', 'இருவரும்' போன்ற அடுப்படிச் சொற்களையே வாங்குவது அபூர்வம். இரண்டு கூட்டமும் எவ்வளவு நெருங்கி வாழ்ந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தப் போத்துக்கு இன்னொரு தூரத்துச் சொந்தம் உண்டு. அது நம் வீட்டிலேயே இருக்கிறது. நம் தாத்தாக்கள் எழுதிய கடிதங்களில் தொடக்கத்தில் 'உபயகுசலோபரி' என்று ஒரு சொல் வரும். உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பார்த்திருப்பீர்கள். இங்கும் நலம், அங்கும் நலம் அறிய ஆவல் என்பதன் சுருக்கம் அது. உபய என்றால் இரண்டும். சமஸ்கிருத 'உப', கிரேக்க 'ஆம்ஃபோ', லத்தீன் 'ஆம்போ', ஆங்கில 'போத்' எல்லாம் ஒரே வேரில் முளைத்தவை என்று மொழியறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். பெருமாள் கோயிலில் ஸ்ரீதேவி, பூதேவி இருவரையும் சேர்த்து உபயநாச்சியார் என்கிறோம். வடமொழி வேதாந்தமும் ஆழ்வார் பாசுரமும் ஆகிய இரண்டிலும் தேர்ந்தவரை உபயவேதாந்தி என்கிறோம். நிலத்திலும் நீரிலும் வாழும் தவளையை உயிரியல் டீச்சர் ஆம்ஃபிபியன் என்று சொல்லிக்கொடுத்தாரே, அதன் தலையில் உட்கார்ந்திருப்பதும் அதே கிரேக்கச் சொந்தம்தான். (கோயில் டியூப் லைட்டில் வெளிச்சம் வெளியே வராதபடி பெரிய எழுத்தில் 'உபயம்' என்று எழுதியிருப்பது கொடையைக் குறிப்பது. அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

அடுத்தது ஐதர். இதன் கதைதான் சுவாரசியம், ஏனென்றால் இது தன் பொருளையே பாதி மாற்றிக்கொண்ட சொல்.

'வெதர்' என்ற சொல்லை இன்று நாம் 'வருவானா மாட்டானா' என்ற ஐயத்துக்கு மட்டும் வைத்திருக்கிறோம். ஆதியில் அது முழுக் கேள்விச் சொல். இருவரில் எவர், இரண்டில் எது என்று பொருள். 1611-இல் வெளியான ஜேம்ஸ் அரசர் பைபிளில் மத்தேயு 21-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தகப்பன் இரண்டு மகன்களைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகச் சொல்கிறான். ஒருவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான்; மற்றவன் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. இருவரில் எவன் தகப்பன் சொல்லைச் செய்தவன் என்று இயேசு கேட்கிறார். அந்தக் கேள்வி வெதர் என்றுதான் தொடங்குகிறது. இன்று அதை விச் என்று மாற்றிவிட்டார்கள்.

இந்த வெதருக்கு முன்னால் 'எப்போதும்' என்ற பொருளுள்ள ஒரு அசையைச் சேர்த்து உருவானது ஐதரின் மூலச்சொல். இரண்டில் எதை எடுத்தாலும், அதாவது இரண்டும் தனித்தனியே என்று அதற்குப் பொருள். கவனியுங்கள். ஐதரின் முதல் பொருள் 'ஒன்று' இல்லை. 'இரண்டில் ஒவ்வொன்றும்' என்பதுதான். 'ஏதோ ஒன்று' என்பதற்கு அதன் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி வேறொரு சொல் இருந்தது. 1300-ஐ ஒட்டிய காலத்தில் அண்ணன், தம்பியின் வேலையையும் எடுத்துக்கொண்டான். தம்பி தேய்ந்து தேய்ந்து கடைசியில் 'ஆர்' ஆகிவிட்டான். ஆம், 'டீ ஆர் காபி' என்று கேட்கிறீர்களே, அந்தச் சின்னஞ்சிறு ஆர்தான். அதன் எதிர்மறை தேய்ந்து 'நார்' ஆயிற்று. ஐதர் வந்தால் பின்னால் ஆர், நைதர் வந்தால் பின்னால் நார் என்று உங்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். அவை ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அதனால்தான் சேர்ந்து வருகின்றன.

இனி 1762-க்கு வருவோம். ராபர்ட் லவுத் என்ற பாதிரியார் ஆங்கில இலக்கணத்துக்கு ஒரு சிறிய அறிமுக நூல் எழுதினார். பின்னாளில் லண்டன் மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தவர். அவர் ஐதருக்கு ஒரு வேலி போட்டார். ஈச் என்றால் இரண்டும் தனித்தனியே. ஐதர் என்றால் ஒன்று அல்லது மற்றது மட்டும். ஈச் வர வேண்டிய இடத்தில் ஐதர் போடுவது சரியில்லை என்றார். சரியில்லாததற்கு எடுத்துக்காட்டு எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? பைபிளிலிருந்தே! இஸ்ரவேல் ராஜாவும் யூதா ராஜாவும் அவரவர் சிங்காசனத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்ற இடத்திலும், ஆரோனின் மகன்கள் அவரவர் தூபகலசத்தை எடுத்தார்கள் என்ற இடத்திலும் 1611 மொழிபெயர்ப்பு ஐதர் என்று போட்டிருந்தது. மொழிபெயர்த்தவர்கள் பழைய பொருளில் எழுதினார்கள். நூற்றைம்பது ஆண்டு கழித்து வந்த பாதிரியார் அதைப் பிழைப் பட்டியலில் சேர்த்தார். வேதத்தையே திருத்திய தைரியத்தை நான் மெச்சுகிறேன். ஆனால் வரலாற்றுப்படி பார்த்தால் வழக்கில் வென்றிருக்க வேண்டியது வேதம்தான். லவுத் பிழை என்று சொன்ன பொருள்தான் மூத்த பொருள்.

லவுத்தின் வேலி முழுக்க நிற்கவில்லை. சாலையின் இருபுறமும் மரங்கள் என்பதற்கு ஆங்கிலேயர் இன்றும் 'ஆன் ஐதர் சைட்' என்றுதான் எழுதுகிறார்கள். சைட், எண்ட், ஹேண்ட் போன்ற சொற்களோடு பழைய பொருள் உயிரோடிருக்கிறது. அது தவறில்லை. ஆனால் சாலையோர மரம் வேறு, மருந்துச் சீட்டு வேறு. இரு கண்ணிலும் சொட்டு விட வேண்டும் என்றால் போத் ஐஸ் என்றுதான் எழுத வேண்டும். ஐதர் ஐ என்று எழுதினால் எந்தக் கண்ணானாலும் ஒன்றில் விட்டால் போதும் என்று ஒருவர் புரிந்துகொள்ளலாம். நம் மாணவர்களில் மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் இருக்கிறீர்கள். அதனால் சொல்கிறேன்.

நைதர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஆங்கிலத்தில் 'நெ' என்றால் இல்லை. அது அடுத்த சொல்லோடு நம் புணர்ச்சி விதி மாதிரி ஒட்டிக்கொள்ளும். நெவும் எவரும் சேர்ந்து நெவர். நெவும் ஒன்னும் சேர்ந்து நன். அதேபோல்தான் நைதரும். லத்தீன்காரர்களும் இதையே செய்தார்கள். இரண்டில் எது என்பதற்கு அவர்கள் சொல் 'உத்தெர்'. முன்னால் நெ சேர்த்தால் 'நெயுத்தெர்', இரண்டும் இல்லை. அதுதான் இலக்கணத்தில் நியூட்டர் ஜெண்டர். ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அதுவேதான் உங்கள் வண்டியில் நியூட்ரல் கியர். போரில் எந்தப் பக்கமும் சேராத நாட்டையும் நியூட்ரல் என்கிறார்கள். நாம் அதை நடுநிலை என்கிறோம். லத்தீன்காரன் பார்வையில் அவன் நடுவில் நிற்கவில்லை. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, அவ்வளவுதான். எனக்கென்னவோ நம் சொல்தான் மரியாதையாகப் படுகிறது.

இப்போது அந்தக் குழந்தையின் விடைத்தாள். போத் வந்த வாக்கியத்தில் நாட் வந்தால் ஏன் சிக்கல்?

பழைய ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தில் எத்தனை 'இல்லை' வந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரே இல்லைதான். 14-ஆம் நூற்றாண்டில் சாசர், காண்டர்பரி கதைகளின் முகவுரையில் ஒரு வீரரைப் பற்றிச் சொல்கிறார். அவர் யாரிடமும் கடுஞ்சொல் பேசாதவர் என்பதற்கு இரண்டு அடிக்குள் நான்கு எதிர்மறைகளை அடுக்கியிருக்கிறார். அப்போது அது அழுத்தம், யாரும் குழம்பவில்லை. பிறகு கல்வியுலகம் கணக்குப் போடத் தொடங்கியது. இரண்டு இல்லை சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்து உண்டு என்றாகிவிடும் என்று எழுதியவர்களில் நம் லவுத்தும் ஒருவர். 1795-இல் லிண்ட்லி மரே என்பவர் எழுதிய இலக்கணம் இந்த விதிகளைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொண்டுசேர்த்தது. அதன்பின் ஆங்கிலத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் எடை கூடிவிட்டது. அது வாக்கியத்தில் எதை மறுக்கிறது என்று கேட்க வேண்டிய நிலை வந்தது.

'போத் டிட் நாட் கம்'. இதில் நாட் எதை மறுக்கிறது? வருகையையா? அப்படியென்றால் ஒருவரும் வரவில்லை. 'இருவரும்' என்பதையா? அப்படியென்றால் இரண்டு பேர் வரவில்லை, ஒருவர் வந்திருக்கலாம். வாக்கியம் இரண்டு பக்கமும் சாய்கிறது. நைதர் என்று போட்டால் சாய இடமில்லை. ஒருவரும் வரவில்லை, முடிந்தது. அதனால் நான் கேட்டால் அந்தத் திருத்தம் சரி என்பேன். காரணம் சொல்லாமல் விட்டதுதான் வருத்தம். குழந்தை எழுதியது இலக்கணம் தெரியாமல் எழுதியது அன்று. தமிழில் யோசித்து எழுதியது.

தமிழில் 'இரண்டு பேரும் வரவில்லை' என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒருவரும் வரவில்லை என்றுதான் பொருள். நைதருக்கென்று தனிச்சொல் நமக்குத் தேவையே படவில்லை. ஓர் உம்மை, ஓர் இல்லை, வேலை முடிந்தது. அந்த உம்மையை அப்படியே தூக்கிக்கொண்டு ஆங்கிலத்துக்குள் போனால்தான் தட்டுகிறது.

இதில் ஒரு சங்கதி. தமிழிலும் இந்தச் சாய்வு உண்டு என்பதை நம் இலக்கணப் புலவர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்லியிருக்கிறார். அதில் முற்றும்மை என்பது ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் சேர்ப்பது. இருவரும், மூவரும், எல்லாரும் என்று வருவது. இந்த முற்றும்மை சில இடங்களில் எச்சப்பொருள் தரும், அதாவது கொஞ்சம் மிச்சம் வைக்கும் என்கிறார். தொல்காப்பியத்திலும் இந்தக் கருத்து உண்டு. உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் 'எல்லாரும் வந்திலர்' என்பது. ஒருவரும் வரவில்லை என்றும் கொள்ளலாம். எல்லாரும் வரவில்லை, சிலர்தான் வந்தார்கள் என்றும் கொள்ளலாம். எதிர்மறை வந்து சேரும்போதுதான் இந்தக் கோளாறு. மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்கிறோம். மின்னுகிற எதுவுமே பொன் இல்லை என்றா பொருள்? அப்படியென்றால் நகைக்கடையை மூட வேண்டியதுதான். சில பொன், சில இல்லை என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்கிறோம். ஆக, லவுத்துக்கு ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே நம் பக்கத்தில் ஒருவர் அதே முடிச்சைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஆசிரியர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். இதைப் பேசிக்கொண்டால் குழந்தைகளுக்கு எவ்வளவு நன்றாக இருக்கும்!

சரி சார், ஒரு மார்க் போனால் போகட்டும், இதனால் குடி முழுகிவிடுமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பரீட்சையில் முழுகாது. சட்டத்தில் முழுகும்.

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டத்தின் ஆங்கில மூலத்தை எடுத்துப் பாருங்கள். 107-ஆவது பிரிவு, ஒரு மசோதா நாடாளுமன்றத்தின் இரு அவைகளில் எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம் என்கிறது. அங்கே சொல் ஐதர். அடுத்த உட்பிரிவிலேயே, இரு அவைகளும் ஒப்புக்கொண்டால்தான் அது நிறைவேறியதாகும் என்கிறது. அங்கே சொல் போத். தொடங்க ஒன்று போதும், முடிக்க இரண்டும் வேண்டும். பண மசோதா போன்ற விதிவிலக்குகளை விட்டுவிட்டால், ஒரு நாட்டின் சட்டம் பிறக்கும் முறை முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது.

இன்னும் அழகான இடம் ஒன்று உண்டு. 101-ஆவது பிரிவு, ஒருவர் ஒரே சமயத்தில் இரு அவைகளிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது என்கிறது. சொல் போத். அதாவது ஒன்றில் இருக்கலாம். 75-ஆவது பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு, தொடர்ந்து ஆறு மாதம் எந்த அவையிலும் உறுப்பினராக இல்லாத அமைச்சர் பதவி இழப்பார் என்கிறது. சொல் ஐதர். இப்போது நம் குழந்தை மாதிரி ஒரு கை தவறி இந்த இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? முதலாவது, எந்த அவையிலும் யாரும் உறுப்பினராக இருக்கக் கூடாது என்றாகிவிடும். நாடாளுமன்றமே காலி. இரண்டாவது, இரு அவைகளிலும் உறுப்பினராக இல்லாத அமைச்சர் பதவி இழப்பார் என்றாகிவிடும். இரு அவைகளிலும் ஒருவர் இருக்கவே முடியாது என்பதால் ஆறு மாதத்தில் எல்லா அமைச்சர்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்!

1991 ஜூனில் நரசிம்ம ராவ் பிரதமரானபோது அவர் எந்த அவையிலும் உறுப்பினர் இல்லை. நவம்பரில் நந்தியால் தொகுதியில் வென்று மக்களவைக்கு வந்தார். 1996 ஜூனில் பிரதமரான தேவ கௌடாவும் அப்படியே. செப்டம்பரில் மாநிலங்களவைக்கு வந்தார். ஒருவர் கீழவை வழியாக, இன்னொருவர் மேலவை வழியாக. எந்த வழியானாலும் சரி என்று இருவருக்கும் கதவைத் திறந்துவிட்டது அந்த ஐதர்தான். (நம் மாநிலத்தில் 1986-இல் மேலவையைக் கலைத்துவிட்டதால் நமக்கு இருப்பது ஒரே அவை. சென்னையில் இந்த மூன்று சொற்களுக்கும் வேலை குறைவு.)

இதைவிடப் பழைய உதாரணம் இந்திய தண்டனைச் சட்டம். மெக்காலே தலைமையிலான சட்டக் குழு 1837-இல் வரைவு கொடுத்தது. 1860-இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் திருட்டுக்குத் தண்டனை சொல்லும் 379-ஆவது பிரிவைப் படித்தால், 'ஐதர் டிஸ்கிரிப்ஷன்' சிறை மூன்று ஆண்டு வரை, அல்லது அபராதம், அல்லது 'போத்' என்று இருக்கும். ஒரே வாக்கியத்தில் இரண்டு சொல்லும். போத் எளிது, சிறையும் அபராதமும் சேர்த்து. ஐதர் எதைக் குறிக்கிறது? அந்தச் சட்டப்படி சிறை இரண்டு வகை. உடல் வருந்த வேலை வாங்கும் கடுங்காவல், வேலை வாங்காத வெறுங்காவல். இரண்டில் எது என்பதை நீதிபதி தீர்மானிப்பார் என்பதுதான் அந்த ஐதர்.

ஏட்டில் ஒரு சொல். உடம்பில் அது எவ்வளவு பெரிய வேறுபாடு! 1922 மார்ச்சில் அகமதாபாத்தில் ராஜதுரோக வழக்கில் காந்திஜிக்கு விதித்தது ஆறு ஆண்டு வெறுங்காவல். அதே ராஜதுரோகக் குற்றச்சாட்டில் 1908-இல் தண்டனை பெற்ற நம் வ.உ.சி.யைக் கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்தார்கள். அவருக்கு விதித்த தண்டனையின் பெயர் நாடு கடத்தல் என்றாலும், சிறைக்குள் அவர் பட்டது மாட்டின் வேலை. வேலை வாங்கும் சிறைக்கும் வாங்காத சிறைக்கும் உள்ள தூரம் இதுதான். சாதாரணக் குற்றவாளிகள் ஆயிரக்கணக்கானோரின் விதி இந்த ஐதர் என்ற சொல்லுக்குள் நின்று ஊசலாடியிருக்கிறது.

கேட்கிற பிள்ளை ஒன்று இங்கே கை தூக்க வேண்டும். பாதி நாள் கடுங்காவல், பாதி நாள் வெறுங்காவல் என்று நீதிபதி கலந்து கொடுக்கலாமா? ஐதர் என்ற சொல்லை வைத்து மட்டும் அதற்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. சட்டம் எழுதியவர்கள் அதை யோசித்திருக்கிறார்கள். 60-ஆவது பிரிவு என்று தனியாக ஒன்று வைத்து, முழுவதும் கடுங்காவலாகவோ, முழுவதும் வெறுங்காவலாகவோ, ஒரு பகுதி இப்படி மறு பகுதி அப்படியாகவோ கொடுக்கலாம் என்று தெளிவாக எழுதினார்கள். மெக்காலே மேல் எனக்கு ஆயிரம் கோபம் உண்டு. 1835-இல் அவர் எழுதிய கல்விக் குறிப்பை வகுப்பில் படித்துக் காட்டி நான் குரல் உயர்த்தியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஆனால் அந்தச் சட்டத்தில் சொல்லுக்குச் சொல் காட்டிய கவனத்தைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பெயர் மாறியது, பிரிவு எண்கள் மாறின. 'ஐதர் டிஸ்கிரிப்ஷன்' மட்டும் போகவில்லை. புதிய சட்டத்திலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

மிச்சம் இருக்கும் சில்லறைச் சந்தேகங்களை வேகமாகச் சொல்லி விடுகிறேன். நைதர் ஆஃப் தெம் என்றால் பின்னால் இஸ்ஸா ஆரா? தேர்வில் இஸ் எழுதுங்கள். பேச்சில் வெள்ளைக்காரர்களே ஆர் என்கிறார்கள். அதைக் கேட்டு அதிர்ச்சி அடைய வேண்டாம். ஐதருக்கும் ஆருக்கும் இரண்டு பக்கமும் வேறு வேறு எழுவாய் வந்தால், வினை பக்கத்தில் இருப்பதைப் பார்த்து வரும். மூன்று பொருளுக்குப் போத் போடலாமா? கூடாது என்றுதான் உங்களுக்குச் சொன்னேன், இப்போதும் அதையே சொல்கிறேன். ஆனால் கோல்ரிட்ஜ் 1798-இல் வெளியிட்ட கிழ மாலுமிப் பாட்டின் முடிவில் மனிதன், பறவை, விலங்கு மூன்றுக்கும் சேர்த்துப் போத் போட்டிருக்கிறார். கவிஞர்களுக்குக் கொடுக்கும் சலுகையை ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுக்க மாட்டார்கள். நீங்கள் கோல்ரிட்ஜ் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக உச்சரிப்பு. அமெரிக்காவில் இருக்கும் பேரப்பிள்ளைகள் ஈதர், நீதர் என்கிறார்கள், தாத்தா ஐதர், நைதர் என்கிறாரே, யார் சொல்வது சரி என்று வீட்டில் சண்டை நடக்கிறதாம். இரண்டும் நெடுங்காலமாக வழக்கில் உள்ளவை. பிரிட்டனில் பெரும்பாலும் ஐ, அமெரிக்காவில் பெரும்பாலும் ஈ. இந்தச் சண்டையை வைத்தே கெர்ஷ்வின் சகோதரர்கள் ஒரு பாட்டு எழுதி, 1937-இல் ஷால் வீ டான்ஸ் என்ற படத்தில் ஃப்ரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ரோஜர்ஸும் பாடினார்கள். பேரனும் தாத்தாவும் சேர்ந்து யூடியூபில் பாருங்கள். அந்தப் படத்தில் இருவரும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். தாத்தாக்கள் ஆட்டத்தைப் பார்த்தால் மட்டும் போதும், முயற்சி செய்ய வேண்டாம்.